ஒரு கோடு குறைகிற பலகை

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் வீரர்கள் தங்கும் விடுதிக்கு இஸ்ஸேய்ரியோ என்று பெயர். 'இஸ்ஸேய்' என்பதை ஒருமனப்பட்ட நேர்மை என்று சொல்லலாம். அந்த விடுதியின் பெயர்ப்பலகையில் நேர்மையைக் குறிக்கும் எழுத்தில் ஒரு சாய்கோடு இல்லை. நாம் ஒரு மெய்யெழுத்தை எழுதிவிட்டுத் தலையில் புள்ளி வைக்க மறந்தால் எப்படி இருக்குமோ அப்படி. எழுதியவர் ஏனோதானோ ஆள் அல்ல. 1930களில் அதே பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த மருத்துவ அறிஞர் நாகாயோ மாதாரோ. கோடு விட்டுப்போனதை யாரோ சுட்டிக்காட்டியதும், அணி கோப்பையை வெல்லட்டும், அன்றைக்குப் போட்டுவிடலாம் என்று சொன்னாராம். விடுதியில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. நாகாயோ 1941இல் காலமானார். கோடு இன்னும் போடப்படவில்லை.

ஜப்பானியர் இந்தப் பல்கலைக்கழகத்தைச் சுருக்கமாக டோடாய் என்பார்கள். அதன் அணி டோக்கியோ ஆறு பல்கலைக்கழக லீக்கில் 1925இல் சேர்ந்தது. மற்ற ஐந்து அணிகளும் பலமுறை கோப்பையைத் தூக்கியிருக்கின்றன. டோடாய் ஒருமுறைகூட இல்லை. நூறாண்டுக் கணக்கை எடுத்தால் வெற்றி சுமார் 250, தோல்வி 1,600க்கும் மேல். கடைசியாக ஆறாம் இடத்தை விட்டு ஏறியது 1997 இலையுதிர்காலத்தில், அதுவும் ஒரே ஒரு படி. அந்த ஆண்டு பிறந்த குழந்தை இந்நேரம் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், வருமான வரியும் கட்டிக்கொண்டிருக்கும்.

இந்த அணியின் இலக்கு என்ன என்று ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் கேட்கப்படும். பதிலும் அநேகமாக ஒன்றுதான்: கடைசி இடத்திலிருந்து வெளியேறுவது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இதில் இரண்டு குழப்பம் வருகிறது. இப்படித் தோற்கிற அணியை லீக்கில் ஏன் வைத்திருக்கிறார்கள் என்பது ஒன்று. ஆறில் ஐந்தாவதாக வருவதெல்லாம் ஓர் இலக்கா என்பது மற்றொன்று. 2026 ஏப்ரலில் தொடங்கும் வசந்தப் பருவத்தில் லீக்கின் விதி ஒன்றும் மாறுகிறது. அதனால் இரண்டு குழப்பத்தையும் நிதானமாகப் பிரித்துப் பார்க்க இது தோதான நேரம்.

முதல் கேள்விக்குச் சுருக்கமான விடை, இந்த லீக்கில் ஏணி கிடையாது என்பதுதான். கடைசியாக வந்தால் கீழே தள்ள இங்கே இரண்டாம் பிரிவு என்று ஒன்றே இல்லை. டோக்கியோவிலேயே இயங்கும் இன்னொரு பெரிய கல்லூரி லீக்கான டோட்டோ லீக்கில் நான்கு பிரிவுகள் உண்டு. தோற்றவர் இறங்குவார், ஜெயித்தவர் ஏறுவார். ஆறு பல்கலைக்கழக லீக் அப்படி வளரவில்லை. அதன் வேர் வாசேடாவும் கேயோவும் 1903இல் ஆடிய ஓர் ஆட்டம். அந்தப் பகை எவ்வளவு சீக்கிரம் சூடேறியது என்றால், 1906இல் இரு தரப்பு ஆதரவாளர்களின் கூச்சலும் கூட்டமும் கைமீறிப் போகும் என்று பயந்து, தொடரையே நடுவில் நிறுத்திவிட்டார்கள். பிறகு 19 ஆண்டுகள் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து ஆடவே இல்லை. 1914இல் இந்த இரண்டோடு மேய்ஜி சேர்ந்து லீக் ஒன்று உருவானபோதுகூட வாசேடாவும் கேயோவும் மேய்ஜியோடு ஆடினவே தவிர, தங்களுக்குள் ஆடவில்லை. இப்படியும் ஒரு லீக் நடக்கும் என்பதற்கு ஜப்பானியப் பிடிவாதம் வேண்டும். 1917இல் ஹோசேய், 1921இல் ரிக்கியோ, 1925இல் டோடாய் என்று மற்றவை வந்து சேர்ந்தன. டோடாய் சேர்ந்த அதே இலையுதிர்காலத்தில்தான் வாசேடா–கேயோ ஆட்டமும் உயிர்பெற்றது.

ஆக, யார் வல்லவர் என்று சலித்தெடுக்க அமைத்த போட்டி அல்ல இது. இந்த ஆறு பேரும் ஆண்டுக்கு இருமுறை ஒருவரை ஒருவர் சந்தித்தே தீர வேண்டும் என்ற ஏற்பாடு. டோடாயை உள்ளே வைத்திருப்பது மற்றவர்கள் போடும் பிச்சை என்று நினைப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். வீட்டுக் கல்யாணத்துக்குப் பெரியப்பா குடும்பத்தைக் கூப்பிடும்போது அவர்களின் வருமானத்தை யாரும் விசாரிப்பதில்லையே.

பெரியப்பா என்று சொன்னதும் வெறும் பேச்சுக்கு அல்ல. ஜப்பானுக்கு பேஸ்பால் வந்த வாசலே இந்தப் பல்கலைக்கழகம்தான். பிற்காலத்தில் டோக்கியோ பல்கலைக்கழகமாக வளர்ந்த ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்த அமெரிக்கர் ஹோரஸ் வில்சன், 1872இல் தம் மாணவர்களுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். அடுத்த தலைமுறையில், இதே பல்கலைக்கழகத்துக்கு மாணவர்களை அனுப்பிய முதலாம் உயர்நிலைப் பள்ளி, சுருக்கமாக இச்சிகோ, நாட்டின் தலையாய அணியாக இருந்தது. 1896 மே 23 அன்று யோகோஹாமாவில் குடியிருந்த அமெரிக்கர்களின் அணியை 29–4 என்று நொறுக்கியது அந்தப் பள்ளிதான். பேஸ்பாலுக்கு ஜப்பானியர் இன்றும் சொல்லும் 'யாக்யூ' என்ற சொல்லை 1894இல் உருவாக்கியவரும் இச்சிகோவின் ஆட்டக்காரர் சூமான் கானாயே. ஹைக்கூ கவிதைக்கு நவீன முகம் கொடுத்த மாசாவோகா ஷிக்கியும் இங்கே மாணவராக இருந்த காலத்தில் கேட்சராக நின்று இந்த ஆட்டத்தில் கிறங்கிக் கிடந்தார். பேஸ்பால் புகழ்மன்றத்தில் 2002இல் அவருக்கும், மறு ஆண்டு வில்சனுக்கும் இடம் கிடைத்தது. பல்கலைக்கழகத்துக்கென்று முறையான அணி 1919இல் அமைந்தபோது, பரம்பரைப் பெருமை ஏற்கெனவே கைவசம் இருந்தது. பிறகு வந்தது வேறு கதை.

வேறு கதை ஏன் ஆயிற்று என்பதற்கு விடை பிப்ரவரி 25, 26ஆம் தேதிகளில் இருக்கிறது. டோடாயின் நுழைவுத் தேர்வு அந்த நாட்களில் நடக்கும். ஆண்டுக்குச் சுமார் 3,000 இடம். அறிவியல் பிரிவுக்கு எழுதுகிறவருக்கும் ஜப்பானிய மொழித் தாள் உண்டு, பழைய இலக்கியம் உட்பட. கலைப் பிரிவுக்கு எழுதுகிறவரும் கணக்கிலிருந்து தப்ப முடியாது. விளையாட்டு வீரர் என்பதற்காக ஒரு மதிப்பெண்கூட விட்டுக்கொடுப்பதில்லை. மற்ற ஐந்து அணிகளிலும் கோஷியென் உயர்நிலைப் பள்ளிப் போட்டியில் நாடே பார்த்த பையன்கள் விளையாட்டுப் பரிந்துரை போன்ற தனிச் சேர்க்கை வழிகளில் வந்து சேர்கிறார்கள். இலையுதிர்காலத்திலேயே இடம் உறுதியாகிவிடுவதால், கல்லூரி திறக்கும் முன்பே பயிற்சியில் கலந்துகொள்ளவும் முடியும். டோடாய்க்கு வருகிற பையனோ பள்ளி அணியின் கடைசி ஆட்டத்தை முந்தைய கோடையில் ஆடி முடித்து, மட்டையை மூலையில் சாத்திவிட்டு, எட்டு மாதம் மேசையில் கவிழ்ந்து கிடந்தவன். முதல் முறை தேறாமல் ஓர் ஆண்டு தனியாகப் படித்து மறுபடி எழுதியவன் என்றால், அந்த இடைவெளி ஒன்றரை ஆண்டுக்கும் மேல். இப்படி மறுமுறை எழுதுவோரை ஜப்பானில் ரோனின் என்பார்கள், எஜமான் இல்லாத சாமுராய் என்ற பொருளில். அணியில் ரோனின்கள் எப்போதும் இருப்பார்கள்.

அதனால் டோடாயின் ஆள்சேர்ப்பு விசித்திரமானது. மற்ற அணிகள் திறமையானவனைத் தேடிப் போய், வா என்கின்றன. இவர்கள் ஓரளவு ஆடத் தெரிந்து, படிப்பும் வருகிறவனைத் தேடிப் போய், படி என்கிறார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தங்கள் மைதானத்துக்கு அழைத்துப் பயிற்சி நாள் நடத்துவதும் அதற்காகத்தான். வந்தவர்களில் எத்தனை பேர் தேர்வைத் தாண்டுவார்கள் என்பதில் பயிற்சியாளருக்கு எந்தச் செல்வாக்கும் கிடையாது.

இனி இரண்டாவது குழப்பம். ஐந்தாம் இடம் ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது? இதற்கு லீக்கின் புள்ளிக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். அவசரக்காரர்கள் தாண்டிவிடுகிற இடமும் இதுதான்.

ஒவ்வொரு பருவத்திலும் ஓர் அணி மற்ற ஐந்தோடும் மோதும். பொதுவாகச் சனிக்கிழமை ஓர் ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆட்டம். இரண்டு ஆட்டம் ஜெயித்தவருக்கு ஒரு புள்ளி. ஆளுக்கொன்று ஜெயித்தால் திங்கட்கிழமை மூன்றாவது ஆட்டம் வைத்துத் தீர்த்துக்கொள்வார்கள். தரவரிசை புள்ளிகளை வைத்துத்தான். புள்ளிகள் சமமானால் மட்டும் வெற்றி விகிதத்தைப் பார்ப்பார்கள். அதாவது வாசேடாவைச் சனிக்கிழமை தோற்கடித்துவிட்டு ஞாயிறும் திங்களும் தோற்றால் பத்திரிகையில் தலைப்பு வரும். அட்டவணையில் புள்ளிக்கட்டம் காலியாகவே இருக்கும்.

பேஸ்பாலில் பலவீனமான அணி ஓர் ஆட்டத்தைப் பிடுங்கிவிடுவது நடக்காத காரியம் அல்ல. கிரிக்கெட்டில் ஒரே ஆள் இரண்டு முனையிலிருந்தும், ஆட்டம் முழுக்க, பந்து போட்டுக்கொண்டே இருக்கலாம் என்று விதி இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தெருமுனை அணியில் ஒரே ஒரு அசகாய சூரன் இருந்தாலும் போதும், எதிராளி திணறுவான். பேஸ்பாலில் அந்த விதி இருக்கிறது. அந்த ஆளுக்குப் பெயர் பிட்சர். அவன் நல்ல நாளில் இருந்தால், மற்ற எட்டுப் பேரும் சுமாராக இருந்தாலும் ஆட்டம் கைக்குள் நிற்கும். ஆனால் நூற்றுச் சொச்சம் பந்து வீசிய தோள் மறுநாளே தயாராகாது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொருவன் வேண்டும். வாசேடாவுக்கும் மேய்ஜிக்கும் அந்த இன்னொருவனும் கோஷியெனில் எறிந்தவனாக இருப்பான். டோடாயில் நல்ல பிட்சர் பல ஆண்டுகளுக்கு ஒருவன் கிடைப்பான். ஒரே சமயத்தில் இருவர் கிடைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். ஐந்தாம் இடம் கேட்பது அந்த இரண்டாமவனைத்தான்.

2017 இலையுதிர்காலத்தைப் பார்த்தால் இது விளங்கும். அந்த அணியில் மியாடாய் கோஹேய் இருந்தார். இடக்கைப் பிட்சர், சட்டப் புல மாணவர், மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தை எட்டியவர். ஹோசேய்க்கு எதிரான முதல் ஆட்டத்தை 9–2 என்று முடித்தார்கள். மறுநாள் ஆட்டம் இழுபறியாகி 8–7இல் நின்றது. ஒரு ரன் வித்தியாசத்தில் புள்ளி வந்தது. 15 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த புள்ளி! மியாடாயை அந்த ஆண்டே நிப்பன்ஹாம் ஃபைட்டர்ஸ் ஏழாவது சுற்றில் எடுத்துக்கொண்டது; டோடாயிலிருந்து தொழில்முறை அணிக்குப் போன ஆறாவது ஆள் அவர். இத்தனையும் நடந்த அந்தப் பருவத்தின் முடிவில் டோடாய் எந்த இடத்தில் இருந்தது? ஆறாம் இடத்தில்தான். அந்த ஒரு புள்ளியும் போதவில்லை.

எழுத்தில் ஒரு கோடு குறைவதும் அட்டவணையில் ஒரு புள்ளி குறைவதும் நம் மொழியில் ஏறக்குறைய ஒரே சங்கதியாகிவிடுகிறது. 

மேலே ஏறிய காலங்களும் உண்டு. 1946 வசந்தத்தில், போர் முடிந்த கையோடு, ஆறு அணிகளும் ஒருவரோடொருவர் ஒரே ஓர் ஆட்டம் மட்டும் ஆடின. அவர்களின் தாய்வீடான மேய்ஜி ஜிங்கு மைதானத்தை அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டிருந்ததால் வேறு மைதானங்களில் ஆட வேண்டியிருந்தது. டோடாய் நான்கு ஆட்டத்தை வரிசையாக ஜெயித்துக் கடைசி ஆட்டத்தில் கேயோவைச் சந்தித்தது. ஜெயித்திருந்தால் கோப்பை, பலகையில் கோடு, எல்லாம் ஆகியிருக்கும். 0–1 என்று தோற்றது. இரண்டாம் இடம்தான் இன்றுவரை அதன் உச்சம். மோதலுக்கு ஓர் ஆட்டம் என்றிருந்த பருவத்தில்தான் அது வாய்த்தது என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டாவது பிட்சர் தேவைப்படாத பருவம் அது.

1981 வசந்தத்தில் விஷயம் இன்னும் ருசியாக இருந்தது. வாசேடா, கேயோ இரண்டிடமிருந்தும் புள்ளி பறித்து, ஆறு ஆட்டம் ஜெயித்து, நான்காம் இடத்தில் முடித்தார்கள். பல்கலைக்கழகத்தின் ஹோங்கோ வளாகத்தில் 1827இல் ஒரு பிரபு வீட்டுக்கு ஷோகுனின் மகள் மருமகளாக வந்தபோது கட்டிய செந்நிற வாசல் ஒன்று உண்டு. ஆகாமோன் என்று பெயர். பல்கலைக்கழகத்துக்கே அது அடையாளம். பத்திரிகைகள் அந்தப் பருவத்தை 'ஆகாமோன் சூறாவளி' என்றன. சூறாவளி கரை கடந்த பிறகு வானிலை பழையபடி ஆகிவிட்டது.

தோல்வித் தொடர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றை வைத்துத்தான் இந்த அணியை வெளியுலகம் தெரிந்துவைத்திருக்கிறது. 1987இலிருந்து 1990 வரை 70 தொடர் தோல்வி. அது பெரிது என்று நினைத்திருந்தார்கள். 2010 அக்டோபர் 2 அன்று டோடாய் வாசேடாவை 4–2 என்று வென்றது. அன்று எதிரில் எறிந்து தோற்றவர் நாடே கொண்டாடிய சாய்டோ யூக்கி. அதற்குப் பிறகு 94 ஆட்டம் தொடர்ச்சியாகத் தோல்வி. இடையில் 2013இல், யோமியுரி ஜயன்ட்ஸின் முன்னாள் பெரும் பிட்சர் குவாடா மசுமி சிறப்புப் பயிற்சியாளராக வந்து பந்தெறிபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்போதும் உடனே எதுவும் மாறவில்லை. ஒரு மாணவனுக்கு ஆட நான்கு ஆண்டு, எட்டுப் பருவம். 2011இல் நுழைந்து 2014இல் முடித்தவன் ஒரு வெற்றியைக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிப் போனான். முழு வகுப்பே அப்படித்தான் போனது.

2015 மே 23 அன்று ஹோசேயை எதிர்த்துப் பத்தாவது இன்னிங்ஸ் வரை போய் 6–4 என்று ஜெயித்தபோது அந்தத் தொடர் அறுந்தது. இச்சிகோ அமெரிக்கர்களை நொறுக்கியதும் ஒரு மே 23தான். தேதிப் பொருத்தத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பிறகு இன்னொரு தொடர், 64 தோல்வி. அதை 2021 மே 30 அன்று, மறுபடியும் ஹோசேயை எதிர்த்து, 2–0 என்று முடித்தார்கள். அப்போது பொறுப்பில் இருந்தவர் ஈடே தாகாஷி. டோடாயில் படித்து, 1960களில் சூனிச்சி டிராகன்ஸ் அணியில் சேர்ந்து, ஆயுளெல்லாம் தொழில்முறை பேஸ்பாலில் கழித்துவிட்டு, 2019 முடிவில் தம் 75ஆம் வயதில் பழைய கல்லூரிக்குத் திரும்பிவந்தவர். அவர் காலத்து அணி ஓடியது. முதல் பேஸில் நிற்பவன் பிட்சர் கையை அசைத்த கணத்தில் இரண்டாவதை நோக்கிப் பாய்வான். அந்தப் பந்தைப் பிடித்து எறியும் கேட்சருக்குக் கிடைப்பது இரண்டு வினாடி. அடித்து ஏற முடியாதவன் ஓடி ஏறுகிறான். அதற்கு எதிரணி பிட்சரின் தோள் அசைவையும் கேட்சரின் கைவேகத்தையும் வீடியோவில் ஓட்டி ஓட்டி அளக்க வேண்டும். அதற்கென்றே அணியில் மாணவ ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். மைதானத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் அந்த வேலையைச் செய்த ஒருவரைத் தொழில்முறை அணியான சாஃப்ட்பேங்க் ஹாக்ஸ் வேலைக்கு எடுத்துக்கொண்டது. தேர்வெழுதி வந்தவர்களுக்கு இயல்பாகக் கைவருகிற ஆயுதம் இதுதான் என்பது என் எண்ணம். 150 கிலோமீட்டர் பந்தை அடிக்கும் கை வாய்க்க வேண்டும். இரண்டு வினாடியை எட்டாகப் பிரிக்கும் பொறுமையைப் பழக்கத்தில் கொண்டுவந்துவிடலாம்.

இந்த அணியின் வெற்றிக் கணக்கை வேறு இடத்தில் தேட வேண்டும், அதாவது மைதானத்துக்கு வெளியே, வாழ்க்கையில், என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பேச்சில் எனக்கு அரைமனம்தான். சான்று வேண்டுமென்றால் இருக்கிறது. டோடாயின் வரலாற்றிலேயே அதிகமாக, 17 ஆட்டம் வென்ற பிட்சர் ஓகாமுரா ஹாஜிமே. பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் பேராசிரியரானார். வைப்ரேட்டர் போடாமலே கம்பிக்கூட்டின் மூலைமுடுக்கெல்லாம் தானாக வழிந்து நிரம்பும் கான்கிரீட்டை 1980களில் முன்வைத்தவர் அவர்தான். இன்று உலகமெங்கும் அது புழங்குகிறது. ஆனால் அவர் கல்லூரி நாட்களில் மைதானத்தில் ஏறியது நல்ல பொறியாளராவதற்கு அல்ல, எதிரே நிற்கும் கேயோக்காரனை அவுட்டாக்கத்தான். தோல்வியை வாழ்க்கைப் பாடமாக மாற்றிப் பேசுவது பார்வையாளருக்கு ஆறுதல். அது ஆடுகிறவனுக்குச் செய்கிற அவமரியாதையாகவும் ஆகிவிடும். அவன் ஜெயிக்க வந்தவன்.

அந்த மரியாதையை மைதானம் கொடுக்கிறது. ஜிங்குவில் ஆட்டம் முடிந்ததும் இரு தரப்பு ஆதரவுப் படையும் எழுந்து நிற்கும். கறுப்புக் கழுத்துப்பட்டைச் சீருடையில், கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு தலைவன் குரல்கொடுக்க, ஒவ்வொரு தரப்பும் எதிராளியை வாழ்த்திக் கூவும். வீரர்கள் தங்கள் பக்கப் பார்வையாளர் முன் வரிசையாக வந்து தொப்பியைக் கழற்றிக் குனிவார்கள். டோடாய்ப் பக்கம் 'ததா ஹிதோட்சு' பாடப்படும். 'ஒன்றே ஒன்று' என்று பொருள். 15–0 என்று தோற்றிருந்தாலும் இதே முறை, இதே குனிதல். தொப்பியின் நிறம் வெளிர்நீலம். 1920இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தோடு படகுப் போட்டி நடந்தபோது ஆக்ஸ்போர்டின் கருநீலமும் கேம்பிரிட்ஜின் வெளிர்நீலமும் சீட்டுக் குலுக்கலில் வைக்கப்பட்டு இவர்கள் பங்குக்கு வந்த நிறம் அது. சீட்டிலாவது தோற்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே ஜிங்கு மைதானத்தில்தான் 2001 வசந்தத்தில் டோடாயின் பெண் பிட்சரும் மேய்ஜியின் பெண் பிட்சரும் ஒரே ஆட்டத்தில் எதிரெதிராக எறிந்தார்கள். 1926இல் திறக்கப்பட்ட அந்த மைதானத்துக்கு 2026இல் நூறு நிறைகிறது. பகலில் மாணவர்கள், இரவில் தொழில்முறை அணியான யாகுல்ட் ஸ்வாலோஸ் என்று பங்கிட்டு ஆடும் இடம். மறுசீரமைப்புத் திட்டத்தின்படி அருகே புதிதாக ஒன்றைக் கட்டிவிட்டு இதை இடிக்கப்போகிறார்கள். பழைய மைதானத்தில் ஆறாம் இடத்தை உதற டோடாய்க்கு மிச்சமிருக்கும் பருவங்கள் அதிகம் இல்லை.

இப்போது வரும் பருவத்தின் விதி மாற்றத்துக்கு வரலாம். 2026 வசந்தத்திலிருந்து இந்த லீக்கில் 'நியமன அடிப்பாளர்' முறை வருகிறது. பிட்சர் இனி மட்டை பிடிக்க வேண்டியதில்லை. அவருக்குப் பதிலாக, ஃபீல்டிங்கில் நிற்காத ஒருவர் அடிப்பார். அமெரிக்காவின் அமெரிக்கன் லீக் 1973இலும், ஜப்பானின் பசிபிக் லீக் 1975இலும் ஏற்றுக்கொண்ட விதி இது. ஆறு பல்கலைக்கழக லீக் அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது. ஒன்பது பேர் எறிய, பிடிக்க, அடிக்க எல்லாம் செய்வதுதான் ஆட்டம் என்ற பழைய பிடிப்பு. உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளுக்கும் இதே வசந்தத்தில் அந்த விதி வருகிறது. மிச்சமிருக்கும் சென்ட்ரல் லீக்கும் 2027இல் இறங்கிவரப்போகிறது.

இது டோடாய்க்கு நல்லதா கெட்டதா? விசாலமாக யோசித்தால் இரண்டுக்கும் காரணம் தென்படுகிறது. எதிரணியின் அடிவரிசையில் ஒன்பதாவதாகப் பிட்சர் வருவது டோடாயின் பிட்சருக்கு ஒரு மூச்சு. மூன்று பந்து நேராகப் போட்டால் முடிந்தது, கை ஆறும். இனி அந்த இடத்திலும் ஒரு கோஷியென்காரன் நிற்பான். பெஞ்சில் ஆள் நிறைய வைத்திருக்கும் அணிக்குத்தான் கூடுதல் அடிப்பாளர் என்பது உடனடி லாபம். மேய்ஜியில் உட்கார்ந்தே இருக்கிற பத்தாவது ஆள் டோடாயில் மூன்றாவதாக இறங்கி அடிக்கக்கூடியவன். இந்தப் பக்கக் கணக்கு பாதகம்தான்.

மறுபக்கம், ரோனினாக ஓராண்டு மேசையில் கிடந்தவனுக்குத் தோளும் காலும் திரும்பிவர நாளாகும். மட்டை வீச்சு அதைவிடச் சீக்கிரம் வரும். ஃபீல்டிங்கில் நிறுத்தினால் பந்தைத் தவறவிடுவான் என்று பயந்து வெளியே வைத்திருக்கும் அப்படியொருவனுக்கு இப்போது இடம் உண்டு. அதைவிட முக்கியமானது இன்னொன்று. முன்பெல்லாம் ஏழாவது இன்னிங்ஸில் ஒரு ரன் பின்தங்கியிருந்து, பேஸில் ஆள் நிற்கும்போது பிட்சரின் முறை வந்தால் பயிற்சியாளருக்குத் தர்மசங்கடம். நன்றாக எறிந்துகொண்டிருக்கும் ஒரே நல்ல பிட்சரை எடுத்துவிட்டு மாற்று அடிப்பாளரை இறக்குவதா, ரன்னைத் தியாகம் செய்துவிட்டு அவரையே விடுவதா? இனி அந்தத் தேர்வே தேவையில்லை. ஒரே ஒரு நல்ல பிட்சரை நம்பியிருக்கும் அணிக்கு இது சின்ன விஷயம் அல்ல. சனிக்கிழமை ஆட்டங்களில் டோடாய் முன்பைவிட நெருங்கிவரும், ஞாயிற்றுக்கிழமைகளில் முன்பைவிட அடிபடும் என்பது என் ஊகம். புள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும் என்பதால், மொத்தத்தில் முதல் ஓரிரு பருவங்களுக்கு இந்த விதி அவர்களுக்குச் சுமையாகத்தான் இருக்கும்.

இதோடு இன்னொரு சேதி. சமீப ஆண்டுகளில் டோடாய்க்கு வாய்த்த சிறந்த கை ஒரு சப்மரின் பிட்சருடையது. சப்மரின் என்றால், இடுப்பை வளைத்துக் கையைத் தரையை உரசும் உயரத்திலிருந்து வீசுவது. பந்து கீழிருந்து மேலே ஏறிவரும். வேகம் குறைவு, ஆனால் அடிப்பவன் கண் பழகுவதற்குள் மூன்று சுற்று போய்விடும். உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியை வென்ற ஜப்பானிய அணியில் இதே பாணியில் எறிந்த வாத்தானாபே ஷுன்ஸுகேயின் மகன் அவர். 2024 இலையுதிர்காலத்தில் ஹோசேயை எதிர்த்து ஆட்டம் முழுவதையும் தானே எறிந்து வென்றார். அன்றைக்கு மூன்றாம் ஆண்டு மாணவர். ஆகவே நான்காண்டுக் கணக்கு 2025 இலையுதிர்காலத்தோடு தீர்ந்துவிட்டது. ஏப்ரலில் அவர் இடத்தில் யார் எறிவார் என்பதுதான் புதிய விதியைவிடப் பெரிய கேள்வி.

புதியவர்களில் ஒருவனாக இருக்கலாம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தேர்வு முடிவு மார்ச் 10ஆம் தேதிதான் வெளியாகும். அன்று தன் எண்ணைப் பட்டியலில் பார்த்துவிட்டு அடுத்த வாரம் மைதானத்துக்கு வருகிறவனின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தால் தெரியும், மட்டை பிடித்த காய்ப்பெல்லாம் உதிர்ந்து மெத்தென்று இருக்கும். நடுவிரலின் ஓரத்தில், பென்சில் அழுத்திய இடத்தில் மட்டும் ஒரு தழும்பு. பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு அப்போது ஒரு மாதம் இருக்கும்.